முதல் பனியில் நாயோடு மலைக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. நடுத்தர உயரம், குட்டை முடி, எடை 20 கிலோ. கோடையில் என்னோடு மலைப்பாதைகளில் நாள் முழுக்கச் சளைக்காமல் நடக்கும். இந்தப் பருவத்தின் முதல் பனி இப்போதுதான் விழுந்திருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போதே கூட்டிப்போனால் பழகிவிடும் என்று நினைக்கிறேன். ஷூ, ஜாக்கெட் எல்லாம் தேவையா? எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போகலாம். ஆனால் பனி குறைவாக இருப்பது நாய்க்கு நல்லது என்று நீங்கள் நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆழமாக விழுந்து இறுகிய பனியைவிட, பருவத் தொடக்கத்தின் மெல்லிய பனிதான் நாயின் கால்களுக்கு அதிகத் தொல்லை தரும். ஒரு சாண் பனிக்கு அடியில் கூரான கற்கள், ஒடிந்த கிளைகள், இன்னும் உறையாத ஓடை எல்லாம் அப்படியே இருக்கின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. துள்ளி ஓடுகிற வேகத்தில் கால் ஒரு கல்லிடுக்கில் மாட்டினால் தசைநாரே கிழியலாம். அதனால் முதல் சில நடைகளுக்குக் கோடையிலேயே உங்களுக்கு அத்துப்படியான, கல் குறைந்த பாதையாகப் பாருங்கள். அகலமான காட்டுச்சாலை கிடைத்தால் அதுவே போதும்.

பனி குறைவாக இருந்தால் பனிச்சரிவு வராது என்றும் பலர் நம்புகிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். மெல்லிய பனிப்போர்வைக்குக் கீழே தரை ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். மேலே, மேகமில்லாத இரவில், கடுங்குளிர். இந்த வித்தியாசத்தால் உள்ளே இருக்கும் பனித்துகள்கள் உருமாறி, சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும். அதன்மேல் அடுத்த பனி விழுந்தாலோ, காற்று கொண்டுவந்து குவித்தாலோ, அந்த அடுக்குக்குப் பிடிமானம் இருக்காது. இப்படிப் பலகை போல ஓர் அடுக்கு மொத்தமாகப் பெயர்ந்து சறுக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. உங்கள் பாதை சமதளமாக இருந்தாலும் மேலே அவ்வளவு சாய்வான மலைப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நாய் அங்கே ஓடும், அதைப் பிடிக்க நீங்களும் ஏறுவீர்கள். அதுதான் எனக்குக் கவலை. பருவத் தொடக்கத்தில் பல இடங்களில் தினசரி பனிச்சரிவு முன்னறிவிப்பு இன்னும் ஆரம்பித்திருக்காது. அறிவிப்பு வரவில்லையே என்று துணிந்து போய்விடாதீர்கள். இன்னொன்று: பனிச்சரிவில் புதைந்த மனிதர்களைத் தேடப் பயன்படும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்சீவரை (சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு கருவி) நாய்க்குக் கட்டாதீர்கள். புதைந்தது நாயா மனிதரா என்று மீட்பவர்களுக்குத் தெரியாது. ஓர் உயிருக்கான நிமிடங்கள் வீணாகும்.

சரி, ஷூ. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது பனி ஈரமாக இருக்கும். விரல்களுக்கு நடுவே உருண்டு கெட்டியாகி, நடக்கவிடாமல் செய்யும். அங்குள்ள முடியைப் பாத மெத்தையின் மட்டத்துக்கு வெட்டி, நாய்களின் பாதத்துக்கென்றே விற்கும் மெழுகைத் தடவுங்கள். மிருதுவான பனிக்கு அது போதும். பகலில் உருகி இரவில் உறைந்த பனியின் மேல்தோடு மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி அறுக்கும். அதற்கு ஷூ கட்டாயம். வீட்டிலேயே சில நாட்கள் போட்டுப் பழக்குங்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் சீக்கிரம் உறைந்துவிடும். ஒன்றிரண்டு பனியில் கழன்று காணாமல் போகும் என்பதால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டை முடி நாய்க்கு ஜாக்கெட் தேவைதான். நடக்கும்போது இல்லாவிட்டாலும், நிற்கும்போது உடனே போட்டுவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நடுங்குவது, பாதங்களை மாற்றி மாற்றித் தூக்குவது, சுருண்டு படுக்கப் பார்ப்பது எல்லாம் திரும்பச் சொல்லும் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். உறைந்த காதையோ வாலையோ தேய்க்காதீர்கள்.

தூரத்துக்கு என் கணக்கு: கோடையில் நடப்பதில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். பனி நாயின் நெஞ்சைத் தொட்டால் ஒவ்வோர் அடியும் ஒரு தாவல். அங்கே நீங்கள் முன்னால் போய்த் தடம் போடுங்கள். அது உற்சாகமாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் களைப்பை நாய் மறைத்துக்கொண்டே பின்னால் வரும். 20 கிலோவைத் தோளில் சுமப்பது லேசல்ல. தூக்குவதற்கான துணிப்பட்டை ஒன்று, கட்டுத்துணி, பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இவை பையில் இருக்கட்டும். பனியைத் தின்றால் தாகம் சரியாகத் தீராது, உடம்பும் குளிர்ந்துபோகும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால், இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சு.

ஏரி, குளம் பக்கம் வந்தால் லீஷைப் போட்டுவிடுங்கள். இந்த நேரத்துப் பனிக்கட்டி மெல்லியது. நாய் உள்ளே விழுந்தாலும் நீங்கள் பனிக்கட்டிமேல் கால் வைக்க வேண்டாம். கரையிலிருந்து கூப்பிடுங்கள், உதவிக்கு ஆள் அழையுங்கள். காட்டுவிலங்குகளைத் துரத்தவும் விடாதீர்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த பலத்தை அவை ஓடியே இழந்துவிடும்.

வண்டிக்குத் திரும்பியதும் ஈரம் போகத் துவட்டி, பாதங்களைக் கழுவுங்கள். சாலையில் தூவும் உப்பை நாய் நக்கிவிடும். அதைவிட ஆபத்து, வண்டி நிறுத்துமிடத்தில் ஒழுகிக் கிடக்கும் ஆன்டிஃப்ரீஸ். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நக்கியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.