22,000 ரூபாய்க்கு ரேக் சர்வர் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணினி சப்போர்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே விர்ச்சுவல் மெஷின் (விஎம், ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுபவை) ஓட்டிப் பழக ஒரு சர்வர் வேண்டும். விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி (கம்பெனிப் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி), ஒரு விண்டோஸ் 11, இரண்டு மூன்று லினக்ஸ், அப்புறம் வீட்டு கேமரா பதிவு. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. டெல் ஆர்720 ரேக் சர்வரை, இரண்டு ஜியான் பிராசஸரும் 64 ஜிபி ரேமும் சேர்த்து, 22,000-க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு 64 ஜிபி என்றால் யாருக்கும் ஆசை வரும், புரிகிறது. ஆனால் ஆர்720 என்பது 2012-இல் வந்த மாடல். இரண்டு பிராசஸர், நாலைந்து டிஸ்க் இருந்தால் சும்மா நிற்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 120 வாட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 2.88 யூனிட், இரண்டு மாத பில்லில் 173 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 350 யூனிட் ஓடுகிறது என்றால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம் ஏறுவதில்லை, 500-க்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகையும் கைவிட்டுப் போகும். இதோடு ஃபேன் சத்தம் வேறு. டேட்டா சென்டருக்காகச் செய்த பெட்டியைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

உங்கள் தேவைக்குப் பொருத்தமானது, அலுவலகங்கள் கழித்துவிடும் மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060 மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் எம்920கியூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி, மூன்றும் ஒரே காலத்துப் பெட்டிகள். எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஐ5-8500டி பிராசஸர் இருந்தால் போதும்: 6 கோர், 35 வாட் ரகம். நாலைந்து விஎம் லேசாக ஓடிக்கொண்டிருந்தாலும் மொத்தப் பெட்டி சராசரியாக 20 வாட் அளவில் நிற்கும். இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்தான்.

இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 6, 7-ஆம் தலைமுறை ஐ5-களை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. அதனால் அலுவலகங்கள் அவற்றைத் தள்ளிவிடுகின்றன, கடைக்காரரும் மலிவாகக் காட்டுவார். விஎம்களை ஓட்ட நீங்கள் நிறுவப்போகும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் அவற்றிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஐ5-6500டி, ஐ5-7500டி இரண்டிலும் 4 கோர்தான். இந்த விலையில் 2 கோர் கூடக் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

சரி, இனி ரேம். என்னைக் கேட்டால் பிராசஸரைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிராசஸரை விஎம்கள் முறை போட்டுக்கொள்ளும். ரேம் பேருந்து இருக்கை மாதிரி, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். உங்கள் பட்டியலையே எண்ணிப் பார்ப்போம்: விண்டோஸ் சர்வருக்கு 4 ஜிபி, விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4, மூன்று லினக்ஸுக்கும் சேர்த்து 4, கேமரா பதிவுக்கு 4, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2. மொத்தம் 18. அதாவது 16 ஜிபி பற்றாது, 32 தாராளம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை பயங்கரமாக ஏறியிருப்பதால் பெட்டியைத் தனியாகவும் ரேமைத் தனியாகவும் வாங்குவது இப்போது கட்டுப்படியாகாது. உள்ளேயே 16 ஜிபி உள்ள பெட்டியாகக் கேளுங்கள், இப்போதைக்கு எல்லா விஎம்மையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல் சமாளித்து, பிறகு 32 ஆக்கிக்கொள்ளலாம். அதுவும் ஒரே 16 ஜிபி குச்சியாக இருக்கட்டும். இரண்டு 8 இருந்தால் இரண்டு இடமும் அடைந்துவிடும், பிறகு 32 ஆக்க இரண்டையும் கழற்றிப் போட வேண்டும். அந்த ரேக் சர்வர் ரேமைக் கழற்றி இதில் போடலாமா என்று யோசிக்காதீர்கள். அது டிடிஆர்3 சர்வர் ரேம், மினி பிசி கேட்பது லேப்டாப் அளவு டிடிஆர்4.

மெஷினுக்கு 20,000-க்கு மேல் போகாதீர்கள். மீதியில் முதல் செலவு எஸ்எஸ்டி. ப்ராக்ஸ்மாக்ஸ் சும்மா இருக்கும்போதும் லாக், புள்ளிவிவரம் என்று ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். நான் முதலில் மலிவான கியூஎல்சி (சீக்கிரம் தேயும் ரகம்) எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, அதன்மேல் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை வைத்தேன். ஒரு வருடம் முடிவதற்குள் தேய்மானக் கணக்கு பாதியைத் தாண்டியிருந்தது. அதனால் அதைவிட அதிகம் தாங்கும் டிஎல்சி ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை டிஸ்க்தான் என்றால் நிறுவும்போது எக்ஸ்ட்4 கோப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள், விஎம்களுக்கு எல்விஎம்-தின் என்ற சேமிப்பிடம் தானாக அமைந்துவிடும், ஸ்னாப்ஷாட்டும் (விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்து, பிறகு அதற்கே திரும்பும் வசதி) கிடைக்கும். கேமரா பதிவை மட்டும் எஸ்எஸ்டியில் வைக்காதீர்கள், பழைய வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும்.

அடுத்தது கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நொடிப் பொழுதில் கணினி அணைந்துவிடலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கி, ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

இன்டெல் என்100 பிராசஸர் உள்ள மினி பிசிகளைப் பற்றியும் கேட்பார்கள். மின்சாரம் மிகக் குறைவுதான். ஆனால் 4 சின்ன கோர், ஒரே ரேம் சேனல். விஎம்மைவிட லேசான லினக்ஸ் கன்டெய்னர்களுக்குச் சரி, இரண்டு விண்டோஸை வைத்துப் பழக வேண்டிய உங்களுக்குத் திணறும்.

ரேக் சர்வர் நியாயமாவது ஒரே நிலையில்தான்: 64 ஜிபிக்கு மேல் நிஜமாகவே தேவைப்பட்டு, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஆன் செய்து பழகுபவருக்கு. கேமராவுக்காக இரவும் பகலும் ஓட வேண்டிய உங்கள் பெட்டி அந்த வகை இல்லை.

கடையில் பணம் கொடுக்கும் முன் பெட்டியை ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், கம்பெனி போட்ட பூட்டை எடுப்பது பெரிய தலைவலி. உள்ளே போக முடிந்தால், விஎம்களுக்கு உதவும் பிராசஸர் வசதிகளான விடி-எக்ஸ், விடி-டி இரண்டும் ஆன் ஆகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, ரேம் இடம் ஒன்று காலியா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதுதானா என்றும் கேளுங்கள். டெல் பெட்டி தெரியாத அடாப்டரைக் கண்டால் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும், நீங்கள் காரணம் தெரியாமல் ப்ராக்ஸ்மாக்ஸை நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.