கேளுங்கள், சொல்கிறோம்: நம்ம ஊர் மலையடியில் கும்பினிக்காரன் பட்ட பாடு

பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றில் மறந்துபோன சண்டைகள், மறந்துபோன வீரர்கள் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வாட்டர்லூ பற்றி யாராவது கேட்பார்கள் என்று பார்த்தால், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம். நல்லதாகப் போயிற்று.

ஹைதர் அலியும் வெள்ளைக்காரனும் எங்கள் ஊரில் மோதிக்கொண்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கதையா, நிஜமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

நிஜம்தான். பாடப்புத்தகத்தில் ‘முதல் மைசூர் போர்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற அந்தச் சண்டை சூடுபிடித்ததே உங்கள் ஊர்ப்பக்கம்தான். 1767 ஆகஸ்ட் கடைசி. கர்னல் ஜோசப் ஸ்மித் கும்பினிப் படையோடு (கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி) கிருஷ்ணகிரி அருகே இருக்கிறார், ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் கைகோத்துக்கொண்டு கணவாய் வழியாக இறங்கி வருகிறார்கள். முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? மாட்டின் மேல். மேய்ச்சலுக்கு விட்டிருந்த கும்பினி மாடுகளை ஹைதரின் குதிரைப்படை வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டது. கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் அன்றைக்கு பீரங்கியை இழுப்பது, குண்டும் மருந்தும் சுமப்பது, அரிசி மூட்டை, கூடாரம் எல்லாமே காளை மாடுதான், மாடு போனால் எவ்வளவு பெரிய படையும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தொறு (மாட்டு மந்தை) கொண்டபோது செத்தான், தொறு மீட்டுச் செத்தான் என்றுதானே கல்லுக்குக் கல் எழுதியிருக்கிறது? ஆயிரம் வருஷம் கழித்து பீரங்கியோடு வந்த ராணுவத்துக்கும் அதே வைத்தியம்.

அப்புறம் ஹைதர் காவேரிப்பட்டணத்தைச் சுற்றி வளைத்தார். உள்ளே கேப்டன் மெக்கைன் என்பவர் ஒரு பட்டாளம் சிப்பாய்களோடு இருந்தார். கோட்டை அப்படியொன்றும் பலமானதில்லை. இரண்டு தாக்குதலைத் தாங்கிவிட்டு, உதவி வராது என்று தெரிந்ததும் சரணடைந்தார்கள். உதவி எப்படி வரும், மாடுதான் இல்லையே! ஸ்மித் சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாகத் திருவண்ணாமலையை நோக்கி நடையைக் கட்டினார். செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஹைதர் மறித்தார், ஸ்மித் ஜெயித்தார். ஆனால் ஜெயித்த படைக்குச் சோறில்லை, அரிசி தேடி நடந்துகொண்டே இருந்தது. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொரு தடவை ஜெயித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். இந்த மெக்கைனுக்கு இங்கிலாந்தில் ஒரு தெருவுக்குக்கூடப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை, அவரோடு உள்ளே இருந்த சிப்பாய்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி கோட்டையை வெள்ளைக்காரனால் பிடிக்கவே முடியவில்லை என்கிறாரே எங்கள் தாத்தா? (கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி)

தாத்தா சொல்வதில் முக்கால்வாசி சரி. 1767இல் ஸ்மித் ஏணி வைத்து ஏறப் பார்த்தார், நடக்கவில்லை, நல்ல சேதம். பிறகு சுற்றி உட்கார்ந்து பட்டினி போட்டுத்தான் 1768 மே மாதம் கோட்டை கைக்கு வந்தது. அதுவும் தங்கவில்லை. 1769இல் ஹைதர் சென்னை வாசலுக்கே வந்து நின்று உடன்படிக்கை எழுத வைத்தபோது, பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொள்வது என்றாகிவிட்டது.

ஆனால் தாத்தா சொல்வது அநேகமாக 1791ஆம் வருஷத்துக் கதை. மூன்றாம் மைசூர் போர், கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூரைப் பிடித்துவிட்டார், ராயக்கோட்டையும் ஜூலையிலேயே விழுந்துவிட்டது. பாராமகால் (இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்தான்) பக்கம் திப்புவின் ஆட்கள் வந்து கலக்குகிறார்கள் என்று லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லை அனுப்பினார்கள். அவர் அக்டோபர் 31 அன்று பென்னாகரம் கோட்டையைப் பிடித்தார், அந்தச் சூட்டோடு நவம்பர் 7 இரவு கிருஷ்ணகிரிக்கு வந்தார். கீழ்க்கோட்டையும் பேட்டையும் சுலபமாக விழுந்துவிட்டன. மேலே ஓடுகிறவர்களின் முதுகோடு ஒட்டிக்கொண்டே தாமும் மேல்கோட்டை வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்று சிப்பாய்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் அந்த இருட்டில் பாறை மேல் ஓடியிருக்கிறார்கள். கொஞ்சத்தில் தப்பியது, கதவைச் சாத்திவிட்டார்கள். ஏணி வந்து சேர்ந்தபோது மேலேயிருந்து பெரிய பெரிய கல்லாக உருட்ட ஆரம்பித்தார்கள். ஏணியும் நொறுங்கியது, ஏணியில் இருந்தவர்களும் விழுந்தார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று முயன்று பார்த்துவிட்டு, பேட்டைக்கு நெருப்பு வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். அந்த மலையில் ஒருமுறை ஏறியவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மேலே நிற்பவனுக்குத் துப்பாக்கியே தேவையில்லை.

கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் மொத்தமும் கும்பினிக்குப் போனது, கிருஷ்ணகிரியும் சேர்த்துத்தான். ஏணிக்கு வசப்படாதது காகிதத்துக்கு வசப்பட்டது. பிரிட்டிஷ் வரலாற்றில் நந்திமலையும் சாவனதுர்க்கமும் பெரிதாகப் பேசப்படுகிறதே, கிருஷ்ணகிரி ஏன் இல்லை என்று கேட்டால், அந்த இரண்டிலும் அவர்கள் ஜெயித்தார்கள். வேறென்ன காரணம் வேண்டும்?

தமிழ்ச் சிப்பாய்களுக்கு எந்தச் சண்டைக்காவது தனிப் பெருமை கிடைத்ததா? (பர்கூர் வாசகர்)

கிடைத்தது, உங்களுக்குப் பக்கத்திலேயே. அதே 1767இல், நவம்பரில், ஹைதர் ஆம்பூரை முற்றுகையிட்டார். கீழே ஊரை விட்டுவிட்டு மலைக்கோட்டைக்கு ஏறிக்கொண்ட கேப்டன் கால்வெர்ட்டிடம் இருந்தது சில நூறு சிப்பாய்கள், கைவிரலில் எண்ணக்கூடிய வெள்ளையர்கள், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நாலு வாரம் தாக்குப்பிடித்தார்கள், டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்மித் வந்து சேர்ந்ததும் ஹைதர் விலகினார். அதற்காகப் பின்னாளில் மதராஸ் காலாட்படையின் 10ஆவது ரெஜிமென்ட்டுக்கு ‘ஆம்பூர்’ என்ற பெயரைப் போர்ப் பெருமையாகச் சூடிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. 1803இல் அசாயேயில், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான வெலெஸ்லியோடு மராட்டியரை எதிர்த்து நின்ற பெருமையும் அந்த ரெஜிமென்ட்டின் கணக்கில் உண்டு.

இனிமேல்தான் வேடிக்கை. 1890கள் வாக்கில், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லை என்று ஒரு நினைப்பு மேலிடத்தில் பலமாக இருந்தது. மதராஸ் ராணுவத்துக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுதான் அந்த நினைப்புக்குப் பெரிய வக்கீல். அந்தக் காற்றில் இந்த 10ஆவது ரெஜிமென்ட்டில் மதராஸ் ஆட்களை எடுத்துவிட்டு கூர்க்காக்களை நிரப்பினார்கள், அதுவே பிறகு 10ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆனது. ஆம்பூர் மலையில் நம் ஆட்கள் சம்பாதித்த பெயரைக் கொஞ்ச காலம் நேபாளத்து மலைக்காரர்கள் சுமந்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெலிங்டன் பிரபு ராயக்கோட்டை வந்தாரா? (ராயக்கோட்டை வாசகர்)

வந்தார், அப்போது பிரபு இல்லை, கர்னல் வெலெஸ்லி. 1799 மார்ச் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸின் படை உங்கள் ஊர் வழியாகத்தான் மைசூர் எல்லையைத் தாண்டியது.

தருமபுரியில் மன்றோவுக்குத் தூண் இருக்கிறது. அவரும் மறக்கப்பட்ட வீரர்தானே? (தருமபுரி வாசகர்)

வீரர் சரி, மறக்கப்பட்டவர் இல்லை. 1780இல் சாதாரண கேடட்டாக வந்து ஹைதர், திப்பு இருவர் காலத்துச் சண்டைகளையும் பார்த்தவர், 1792இலிருந்து ஏழு வருஷம் அலெக்சாண்டர் ரீடுக்குக் கீழே பாராமகாலில் நிலம் அளந்து வரி போட்டவர், பிறகு சென்னை கவர்னர். சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பார்க்கலாம். மறக்கப்பட்டவர் என்றால் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ரீடைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வேலூர்ப் புரட்சி செய்த சிப்பாய்ப் பட்டாளங்கள் அப்புறம் என்ன ஆயின? (ஓசூர் வாசகர்)

1806 ஜூலை 10க்குப் பிறகு அந்தப் பட்டாளங்களின் எண்ணையே ராணுவப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். 1ஆவது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாளத்தில் எஞ்சியவர்களைக் கொண்டு 24 என்று புது எண்ணில் ஒன்றை உருவாக்கினார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1817 நவம்பரில், நாக்பூரில் சீதாபல்டி என்கிற குன்றின் மேல் சுமார் 1,400 பேர் பல மடங்கு பெரிய மராட்டியப் படையை ஓர் இரவும் மறுநாள் மதியம் வரையிலும் எதிர்த்து நின்றார்கள். அந்தக் குன்றில் இந்த 24ஆம் பட்டாளமும் இருந்தது. முடிந்ததும் என்ன வேண்டும் என்றபோது, பழைய எண்ணையும் சட்டையின் பழைய நிறப்பட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். கொடுத்தார்கள். இதை விசுவாசம் என்பதா ரோஷம் என்பதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ரோஷம் என்றுதான் படுகிறது.

என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போருக்குப் போனவர். வீட்டில் ஒரு பதக்கம் மட்டும் இருக்கிறது. எப்படித் தேடுவது? (அரூர் வாசகர்)

முதலில் அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! வெளிச்சத்தில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்துப் பதக்கங்களின் ஓரத்தில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். மன்னர் தலையும் குதிரைக்காரனும் உள்ள போர்ப் பதக்கம் வெள்ளியில் இருந்தால் சிப்பாய், வெண்கலத்தில் இருந்தால் பெரும்பாலும் தொழிலாளர் படை போன்ற பிரிவு. படைப்பிரிவின் பெயர் தெரிந்துவிட்டால், அது எங்கே போனது என்பது தெரிந்துவிடும். மதராஸ் சேப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றிருந்தால் மெசபடோமியாவாக, அதாவது இன்றைய ஈராக்காக இருக்கலாம், 1917 பிப்ரவரியில் ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. 61ஆவது பயனியர்ஸ் என்றால் கிழக்கு ஆப்பிரிக்கா, 1914 நவம்பரில் டாங்காவில் ஜெர்மானியரோடு தேனீக்களும் சேர்ந்து விரட்டிய சண்டை.

திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. தமிழ்ப் பெயரை அந்தக் குமாஸ்தாக்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபம் வரும். பஸ்ரா நினைவுச் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும்தான்: இந்தப் படைப்பிரிவில் இன்னும் இத்தனை பேர் என்று. இப்படிப் பெயரில்லாமலோ, நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் இருக்கலாம் என்று அந்த ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. செங்கம் பக்கம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் வீரனோடு நின்ற நாய்க்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறான், கோவிவன் என்று!

தமிழர் யாராவது பெரிய பிரிட்டிஷ் விருது வாங்கியிருக்கிறார்களா? (ஊத்தங்கரை வாசகர்)

சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், மதராஸ் சேப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, உடன் வந்தவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். வெடிக்க ஓரிரு வினாடி இருந்தது. இவர் அதன் மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ், இறந்த பின் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களில் இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

ஒரே ஒரு இடம் பார்க்க நேரமிருந்தால்? (சேலம் வாசகர்)

கிருஷ்ணகிரி, பழையபேட்டை வழியாக மலைக்கு. காலை ஏழு மணிக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். வழியில் திரும்பித் திரும்பிக் கீழே பாருங்கள், மேக்ஸ்வெல்லின் ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்து ஓடி வந்திருப்பார்கள் என்று உங்களுக்கே பிடிபடும். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ உண்டு, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.