கிரியாட்டினின் 0.9, ஆனால் சிறுநீரில் நுரை

அப்பாவுக்குச் சிறுநீரில் நுரை வருகிறது, ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.9தான், சிறுநீரகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 0.9-ஐ மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. பல வருடச் சர்க்கரை நோய், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 10 சதவீதம் என்கிறீர்கள். ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகளில் சவ்வு தடித்து, புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம். நுரைக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கிரியாட்டினின் ஏறுவது ரொம்பப் பின்னால்தான்.

காலையின் முதல் சிறுநீரில் அல்புமின் (கசியும் அந்தப் புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மி.கி.க்குக் கீழே என்றால் நார்மல். கூடினாலும் பதறாதீர்கள், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். அவை சரியானபின் மறுபடி எடுங்கள். அப்போதும் கூடுதல் என்றால் சிறுநீரக மருத்துவரிடம் போய்விடுங்கள். நீங்கள் இருக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரியின் ஜிப்மர் அரசு மருத்துவமனை தூரமில்லை, அங்கே சிறுநீரகத்துக்குத் தனிப் பிரிவே உண்டு. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம்.

அப்புறம், மூட்டுவலிக்கு அவராகக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். உப்பு அதிகம் என்பதால் கருவாடும் வேண்டாம்.