பூசணிக்காயும் போர்ட்லண்டும்

கேள்வி: டெரிக் ரோஸ், கிரெக் ஓடன், பிராண்டன் ராய் என்று அமெரிக்கக் கூடைப்பந்தில் பிரமாதமாக வரவேண்டியவர்கள் எல்லாம் காயத்தால் காணாமல் போகிறார்களே, கண் திருஷ்டிதானே காரணம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திருஷ்டியால் கால் உடைவதை நான் மறுக்கவே மாட்டேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எங்கள் தெரு முனைக்கு வந்து பாருங்கள். தன் கடைமேல் யார் கண்ணும் படக்கூடாது என்று கடைக்காரர் பூசணிக்காயில் குங்குமம் தடவி, உள்ளே சில்லறை போட்டு, நட்டநடு ரோட்டில் உடைத்திருப்பார். பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது முழங்கால். கடைக்காரருக்குத் திருஷ்டி கழிந்தது, பைக்காரருக்கு ஜவ்வு கிழிந்தது. சில்லறை பொறுக்கும் பையன்களுக்கு மட்டும்தான் இதில் லாபம். வருடா வருடம் இதை எழுதுகிறேன். வருடா வருடம் 'நீ நாத்திகனா?' என்று கடிதம் வருகிறது. நாத்திகன் இல்லை ஐயா, டூவீலர் ஓட்டுகிறவன்.

சரி, கூடைப்பந்து. நீங்கள் சொன்ன மூவரில் ஓடனும் ராயும் போர்ட்லண்ட் அணிக்காரர்கள். திருஷ்டி என்றால் அந்த ஊருக்கே சுற்றிப் போடவேண்டும். 2007ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வந்தது. ஓடனை எடுத்தார்கள். இரண்டாவதாக வேறு அணிக்குப் போனவர், பின்னால் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட். ஓடனுக்கோ, ஒரு ஆட்டம் ஆடும் முன்பே வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. எலும்பில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, கசியும் ரத்தத்திலிருந்து புது குருத்தெலும்பு வளருமா என்று காத்திருக்கும் வைத்தியம். என்.பி.ஏ. என்ற இந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். ஓடன் மொத்தமாகவே ஆடியது 105. ராய்க்கு முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், 27 வயதில் ஓய்வு அறிவித்தார்.

அதற்கும் முன்னால் 1984ல் சாம் பூயி. ஏழடியைத் தாண்டிய உயரம். கல்லூரியிலேயே இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விட்டு இரண்டு சீசன் உட்கார்ந்தவர். அணிக்கு எடுக்கும் முன் போர்ட்லண்ட் டாக்டர்கள் சும்மா விடவில்லை, சின்னச் சுத்தியலால் அதே எலும்பைத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றார் பூயி. உள்ளுக்குள் வலித்தது என்று 2012ல் ஒரு ஆவணப்படத்தில் அவரே சொன்னார். அவரை நம்பி எடுத்தார்கள்; அடுத்த இடத்தில் காத்திருந்த சிகாகோ மைக்கேல் ஜோர்டனை அள்ளிக்கொண்டு போனது. பூயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 'வலிக்குது' என்று வாயைத் திறந்திருந்தால் அவரை யார் சீந்தியிருப்பார்கள்?

எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்காரரோடு எனக்குப் பழைய தகராறே இதில்தான். 'வலியை மறந்து போராடினார்' என்று தலைப்பு வைக்காவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. நான் அந்தத் தலைப்பை வெட்டுவேன், அச்சுக்குப் போகிற நேரத்தில் அவர் திரும்பச் சேர்ப்பார். பில் வால்டன் அப்படி வலியை மறந்தவர்தான். அதே போர்ட்லண்டுக்கு 1977ல் கோப்பை வாங்கித் தந்தவர். மறுவருடம் காலில் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள், ஆடினார். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தால் பாத எலும்பு உடைந்திருக்கிறது. அடுத்த சீசன் முழுக்க ஆட மறுத்து, வைத்தியம் பார்த்த லட்சணத்தைக் குற்றம் சொல்லி அணியை விட்டே போனார்.

சிகாகோ அணிக்கு ஆடிய ரோஸுக்கு 2011ல், 22 வயதில், என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதைவிடச் சின்ன வயதில் யாரும் வாங்கியதில்லை. 2012 ஏப்ரல் 28, சிகாகோ 12 புள்ளி முன்னிலை, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. யாரும் இடிக்கவில்லை, தானாகக் காலை ஊன்றியபோதே இடது முழங்கால் ஜவ்வு போயிற்று. ஜெயித்த ஆட்டத்தில் அவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கோச்சைக் கேட்டார்கள். மறுவருடம் டாக்டர்கள் ஆடலாம் என்ற பிறகும் ரோஸ் இறங்கவில்லை. இப்போது, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவரைக் கேட்டார்கள்! அந்த சீசனையே விட்டுவிட்டுத்தான் திரும்பினார். ஒரு மாதத்துக்குள் வலது முழங்காலும் போயிற்று.

பொறுத்திருந்தவருக்கும் இதுதானே கிடைத்தது என்று விளையாட்டுப் பக்கத்துக்காரர் கேட்பார். கேட்கட்டும். தலைப்பை நான்தான் வைப்பேன்.