‘பெர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்றால் முன்பணம் போடாதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் கொடைக்கானல் மேல்மலையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறோம். மன்னவனூர் தாண்டி, காட்டுக்கு நடுவில், வேறு ஆளே இல்லாத இடம் என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். தலைக்கு 1,800 ரூபாய். கடைசி நாலு கிலோமீட்டருக்கு அவர்களே ஜீப் அனுப்புவார்கள். ராத்திரி கேம்ப் ஃபயர், பார்பிக்யூ உண்டு. வனத்துறை அனுமதியையும் அவர்களே வாங்கிவிடுவார்களாம். பாதிப் பணத்தை இப்போதே ஜிபேயில் போடச் சொல்கிறார். 66 வயது அப்பா, 5 வயதுப் பையன் உட்பட நாங்கள் ஆறு பேர். குளிர் தாங்குமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: குளிருக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கூடாரம் போடப்போகும் நிலம் யாருடையது? அங்கே போகிற பாதை யாருடையது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அது காப்புக் காடு, அதாவது ரிசர்வ் ஃபாரஸ்ட் என்றால் பேச்சே இல்லை. காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலய எல்லைக்குள் இருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஆள் பிடிக்கிற தனியார் ஒருவர், காப்புக் காட்டுக்குள் கூடாரம் போட்டு உங்களை ராத்தங்க வைக்க அனுமதி ‘வாங்கித் தருகிறேன்’ என்றால், அவர் வாங்கித் தரப்போவது அனுமதி அல்ல. ‘ஃபாரஸ்ட் சார் நமக்குத் தெரிஞ்சவர்தான்’ என்பது இந்தத் தொழிலில் தினமும் கேட்கிற வசனம். அந்த சார் மாற்றலாகிப் போன மறுநாள் அபராதச் சீட்டு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். வீடியோ போட்டவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

பட்டா நிலம் என்று சொன்னால், கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண்ணைப் போட்டால், ஓடிபி வந்து பட்டா விவரம் திறக்கும். உரிமையாளர் பெயரும் பரப்பளவும் அதில் இருக்கும். அந்தப் பெயருக்கும் உங்களிடம் பேசுகிறவருக்கும் சம்பந்தம் இல்லையென்றால், குத்தகையா வாடகையா என்று கேட்டு அதற்கான தாளைக் காட்டச் சொல்லுங்கள். புறம்போக்கு என்று வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ‘எண்ணெல்லாம் எதுக்கு சார், நூறு ஃபேமிலி வந்துட்டுப் போயிருக்காங்க’ என்று பதில் வந்தாலும் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பதிவு. முகாம் நடத்துகிறவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை போட்டோவாகக் கேட்டு வாங்கி, முகவரியும் செல்லுபடியாகும் தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இதை நான் எழுதலாம், நடைமுறை வேறு. வருவாய்த்துறையைக் கேட்டால் வனத்துறையைக் கேள் என்பார்கள். வனத்துறையில் எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்பார்கள். ஊராட்சியில் சுற்றுலாத் துறைக்குக் கை காட்டுவார்கள். ஒரு முகாம் முறையானதுதானா என்று ஒரு சாதாரணக் குடும்பம் ஒரே ஜன்னலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாதவரை, புரோக்கர் பிழைக்கத்தான் செய்வார். அவ்வப்போது அதிகாரிகள் கிளம்பிப் போய்ச் சில கூடாரங்களைப் பிரித்துப் போடுவார்கள். சில வாரங்களில் பக்கத்து மேட்டில் அதே கூடாரம் முளைத்திருக்கும். அன்றைக்கு ராத்திரி உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குடும்பம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இதில்தான். நிலம் சுத்தமான பட்டாவாகவே இருக்கும். ஆவணத்தில் ஒரு குறையும் இராது. ஆனால் அங்கே போகிற பாதை காப்புக் காட்டை ஊடறுத்துப் போகும். மேல்மலையில் காட்டால் சூழப்பட்ட பட்டா நிலங்கள் உண்டு. தோட்டக்காரரும் அவருடைய வேலையாட்களும் அந்தப் பாதையில் போய்வருவது காலங்காலமான வழக்கம். வனத்துறையும் அதை அனுமதிக்கிறது. அந்த வழக்கம் விவசாயம் பார்க்கிறவருக்கு உரியது. காசு வாங்கிக்கொண்டு அவர் ஏற்றி வருகிற விருந்தாளிக்கு அது தானாக நீளாது. அதாவது கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் சட்டப்படி சரி, ஜீப்பில் போகும்போது அத்துமீறியவர். இதிலும் ஒரு விலக்கு உண்டு. பாதை வருவாய் ஆவணத்தில் வண்டிப்பாதையாகவோ ஊராட்சிச் சாலையாகவோ பதிவாகியிருந்தால் அது பொதுவழி. இரண்டு பக்கமும் காடு இருந்தாலும் போகலாம். ஆனால் வண்டியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. எனவே ‘கடைசி நாலு கிலோமீட்டர் எங்கள் ஜீப்’ என்கிற வரிதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உறுத்துகிறது. அந்த நாலு கிலோமீட்டரில் சங்கிலி போட்ட வனத்துறை கேட் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், உங்கள் ஆறு பேரின் பெயர்களோடு, தேதியோடு, வனத்துறை கொடுத்த சீட்டு கையில் வர வேண்டும்.

பாதை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். யார் எந்த வழியில் போகிறார்கள் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், மீட்க வருகிறவர்கள் எந்தச் சரிவில் தேடுவார்கள்? மலையேற்றத்துக்கு அதே ஆண்டு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல், வனத்துறை வழிகாட்டியோடு போகும் மலையேற்றங்களை ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

இ-பாஸைக் காட்டி ஏமாற்றுவது இன்னொரு தந்திரம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். அது இலவசம், உங்கள் போனிலேயே எடுத்துவிடலாம். ‘பெர்மிட் சார்ஜ்’ என்று தலைக்கு 200, 300 வாங்கிக்கொண்டு, கடைசியில் இந்தத் தாளை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இ-பாஸ் வண்டி மலையேறுவதற்கான பதிவு மட்டுமே. காட்டுக்குள் போகவோ, தங்கவோ, தீ மூட்டவோ அது எந்த உரிமையும் தராது.

சரி, நிலமும் வழியும் தேறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். இப்போது குளிர்.

டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் நகரில் எட்டு, பத்து டிகிரி காட்டுகிற இரவில், மேல்மலைப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி படிந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடை ஓரத்துப் புல்வெளியைவிட, அதற்கு முப்பது நாற்பது அடி மேலே இருக்கிற மேடு இரவில் சூடாக இருக்கும். ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறினாலும் தப்பலாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. யூகலிப்டஸ், வாட்டில் மரங்களுக்குக் கீழே கூடாரம் வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ் காற்றில்லாத நேரத்திலும் கிளையை உதிர்க்கும். வாட்டிலுக்கு மேலோட்டமான வேர். மண் ஊறினால் மரமே சாய்ந்துவிடும்.

எல்லோரும் கம்பளியைத்தான் மூட்டை கட்டுகிறார்கள். குளிர் ஏறுவது கீழேயிருந்து. நம் எடையில் நசுங்கிய கம்பளிக்கு அடியில் காற்றே இல்லை. தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபோம் பாய், 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அப்பாவுக்கு இரண்டை அடுக்கிப் போடுங்கள். ஸ்லீப்பிங் பேக் அவர்கள் தருவதாக இருந்தால் அதன் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு அளவுகள் இருக்கும். கம்ஃபர்ட் 5 டிகிரிக்கு மேல் என்றால் போதாது. லிமிட் என்பது சுருண்டு படுத்து ராத்திரியை ஓட்டுகிற அளவு. கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவது அதைத்தான்.

கூடாரத்தில் ‘நாலு பேர்’ என்று போட்டிருந்தால் இரண்டு பேரும் ஒரு பையும் என்று படியுங்கள். உங்களுக்கு மூன்று கூடாரம் தேவை. வெளி உறையின் நீர்த்தாங்கு அளவு (துணி கசியாமல் தாங்கும் தண்ணீரின் உயரம்) 2,000 மில்லிமீட்டராவது இருக்கட்டும்; தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். குளிர்கிறதே என்று காற்றுத் துளைகளை எல்லாம் மூடிவிடாதீர்கள். மூச்சுக் காற்றின் ஈரம் துணியில் படிந்து விடிகாலையில் சொட்டும், போர்வை நனையும், அதன் பிறகுதான் உண்மையான நடுக்கம். ‘கூடாரம் ஒழுகுது’ என்ற புகார்களில் பாதி இந்த வகை.

இன்னொன்றில் சமரசமே கிடையாது. பார்பிக்யூ அடுப்பு, கரி, நெருப்புச் சட்டி எதுவும் கூடாரத்துக்குள்ளோ, வாசலிலோ, அறைக்குள்ளோ வரக் கூடாது. புகை அடங்கிச் சிவந்திருக்கிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவருக்கு விழிப்பே தட்டாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ கரி அணையாமல் அறைக்குள் இருக்கத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் அப்படித்தான் இறந்தார்கள். ‘குழந்தைக்குக் குளிருது’ என்று நடுராத்திரி ஒருவர் சட்டியைத் தூக்கி வருவார், தடுங்கள். வெந்நீரை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, சாக்ஸ் மாட்டிப் பையனின் காலடியில் வைத்தால் நெடுநேரம் சூடு நிற்கும். வெளியே எரிகிற தீயை, தூங்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.

விலங்கென்றால் மேல்மலையில் முதலில் காட்டுமாடு. ஆயிரம் கிலோ வரை எடை; பார்க்கச் சாதுவாக நிற்கும். டார்ச்சை முகத்தில் அடிப்பது, செல்ஃபிக்குக் கிட்டப் போவது, தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நிற்பது மூன்றும் கூடாது. கூடாரம் போடும்முன் சுற்றிலும் நடந்து பாருங்கள். புதுச் சாணமும், மிதிபட்ட புல்லும், ஒரு ஆள் அகலத்துக்குத் தேய்ந்த தடமும் தெரிந்தால் அது அவற்றின் வழி, தள்ளிப் போடுங்கள். சாப்பாட்டு மிச்சம், பிஸ்கட், சோப்பு எல்லாம் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும். காட்டுப்பன்றிக்குக் கூடாரத் துணி ஒரு தடையே இல்லை. யானை நடமாட்டம் உண்டு என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னால்கூட, கூடாரம் வேண்டாம். சுவர் உள்ள இடத்தில் தங்குங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே கூடாரத் தங்கலில் இருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

புல்லில் நேரே உட்காராதீர்கள், துணிகளைப் புதரில் காயப் போடாதீர்கள். திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மலைக்காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கிற உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

உங்கள் அப்பாவைப் பற்றி வயதைத் தவிர வேறு விவரம் எழுதவில்லை. இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் இந்த இடம் வேண்டாம். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கு முன்னால் அந்த ஜீப் வழி. செல்போன் சிக்னல் கிடைத்தால்தானே 108-ஐக் கூப்பிட முடியும்!

என்னைக் கேட்டால், திருப்பூரிலிருந்து இந்தக் குடும்பத்தோடு போவதற்குப் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் தேவலை. அங்குள்ள ஆனப்பாடியில் கேரள வனத்துறையே நிரந்தரக் கூடாரங்கள் வைத்திருக்கிறது. உயரம் குறைவு என்பதால் மேல்மலைக் குளிர் இல்லை. புலிகள் காப்பகத்தின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பதியுங்கள். அதே பெயரைச் சாயலாக வைத்து நடத்துகிற டிராவல்ஸ் தளங்களும் தேடலில் மேலே வந்து நிற்கும், கவனம். டிசம்பர் விடுமுறைக்கு இடம் வேகமாகத் தீரும். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். சேத்துமடை சோதனைச் சாவடியை மாலைக்கு முன்பே தாண்டிவிடுங்கள். இருட்டிய பிறகு பதிவுச் சீட்டைக் காட்டினாலும் உள்ளே விட மாட்டார்கள்.