306 என்று வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்

கேள்வி: ஐயா, நான் தெற்கு ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேஸ்மென்டில் எட்டுக்கு நாலு அடி பலகையில் ஹெச்ஓ என்ற சிறு அளவில் மாடல் ரயில் லேஅவுட் போட்டிருக்கிறோம். ஓட்டுவதற்கு என்சிஇ கம்பெனியின் பவர் கேப் என்ற கைக் கன்ட்ரோலர், ஐந்து எஞ்சின்கள். கம்ப்யூட்டரில் இருந்து ஓட்டலாம் என்று என்சிஇ-யின் யுஎஸ்பி போர்டு வாங்கினேன், ஜேஎம்ஆர்ஐ மென்பொருளும் போட்டேன். திறக்கிறது, ஆனால் எஞ்சினில் உள்ள அமைப்புகளைப் படிக்கச் சொன்னால் 306 என்று பிழை வருகிறது. ரயில் கண்காட்சியில் பழக்கமான ஒருவர், 400 டாலர் கொடுத்தால் ‘லைசென்ஸ் வெர்ஷன்’ போட்டுத் தருவதாகவும், டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சில்லு) ஃபைல்களைத் தனியாகத் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? பேரன் போனில் ஓட்ட வேண்டும் என்கிறான். எனக்குச் சிக்னல் வைக்க ஆசை.

பதில்: கொடுக்காதீர்கள். மற்றது அப்புறம்.

ஜேஎம்ஆர்ஐ இலவச மென்பொருள். அதில் லைசென்ஸ் வெர்ஷன், சாதா வெர்ஷன் என்று இரண்டு கிடையாது. நீங்கள் இறக்கி வைத்திருப்பதைத்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். டிகோடரைப் படித்து எழுதும் டிகோடர்புரோ, பேனல் வரையும் பேனல்புரோ இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிடும். அவர் தனியாகத் தருகிறேன் என்கிற டிகோடர் ஃபைல்களும் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஃபைல்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. இந்த மென்பொருளை வளர்த்த இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சன், தாங்கள் இலவசமாகக் கொடுத்த டிகோடர் ஃபைல்களை இன்னொருவர் உரியவர்கள் பெயர் இல்லாமல் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டார் என்று கோர்ட்டுக்குப் போனார். இலவசமாகக் கொடுத்த பொருளாக இருந்தாலும், கொடுக்கும்போது போட்ட நிபந்தனையை மீறினால் பதிப்புரிமை வழக்குப் போடலாம் என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிள்ளையார் கோயில் சுண்டலை வாங்கி வாசலிலேயே பொட்டலம் கட்டி விற்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். உங்கள் கண்காட்சி நண்பர் கூலி கேட்டால் அது வேறு பேச்சு; லைசென்ஸ் என்று சொல்லிக் கேட்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி 306. நீங்கள் சிக்னல்காரர் என்பதால் எனக்கு வேலை சுலபம். பிளாக் இன்ஸ்ட்ருமென்டில் அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடிக்கிறீர்கள். அங்கிருந்து பதில் மணி வரவில்லை. இதுதான் 306. கம்ப்யூட்டர் கேட்டது, பவர் கேப் பதில் சொல்லவில்லை. எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை. 301 என்று வந்தால்தான் பவர் கேப் பதில் சொல்லிவிட்டது, தண்டவாளத்தில் எஞ்சின் அகப்படவில்லை என்று பொருள். அப்போது சக்கரத்தைத் துடைக்கலாம். இப்போது துடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஜாவாவை (ஜேஎம்ஆர்ஐ ஓடத் தேவையான மென்பொருளை) எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றும் யாராவது சொல்வார்கள். நிரல் திறக்கிறது என்றாலே ஜாவா சரியாக இருக்கிறது. 

பதில் மணி வராததற்கு ஊர்ப்பட்ட காரணம் சொல்லலாம். உங்களைப் போல எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ஒன்றுதான். பிரிஃபரன்ஸஸ் பக்கத்தில் கனெக்‌ஷன் என்ற இடத்தில் தயாரிப்பாளர் என்சிஇ என்று தேர்ந்தெடுத்ததும், கீழே ‘என்சிஇ சீரியல்’, ‘என்சிஇ யுஎஸ்பி’ என்று வெவ்வேறாகக் காட்டும். பவர் கேப்புக்கு யுஎஸ்பிதான். சீரியல் என்பது அதே கம்பெனியின் பெரிய சிஸ்டத்துக்கு. ஆனால் பட்டியலில் சீரியல் கண்ணில் படும், விண்டோஸும் ‘சீரியல் போர்ட்’ என்றே பேசும், கை அங்கே போய்விடும். முதலில் அதைப் பாருங்கள். அதே பக்கத்தில் உங்கள் சிஸ்டம் எது என்றும் கேட்கும். பவர் கேப் என்று சொல்லுங்கள்.

அடுத்து காம் எண், அதாவது விண்டோஸ் அந்த யுஎஸ்பி போர்டுக்குக் கொடுக்கும் எண். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘போர்ட்ஸ்’ என்ற வரியை விரித்தால் சிலிக்கான் லேப்ஸ் சிபி210எக்ஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் காம்4, காம்7 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். யுஎஸ்பி வயரைப் பிடுங்கினால் அந்த வரி மறைய வேண்டும், செருகினால் திரும்ப வர வேண்டும். வருகிற எண்ணையே ஜேஎம்ஆர்ஐ-யிலும் கொடுங்கள். வரியே தெரியவில்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. வேறு துளையில் செருகினால் விண்டோஸ் சில சமயம் எண்ணை மாற்றிவிடும். நேற்று ஓடிய ரயில் இன்று ஓடாது. நான் என் லேப்டாப்பில் ஒரு துளையின் மேல் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், வயர் அதில் மட்டும்தான் போகும்.

பிறகு போர்டில் உள்ள ஜம்பர்கள். கறுப்பாக, மிளகு அளவில், ஊசிகளின் மேல் மாட்டியிருக்கும். கூட வந்த தாளில் பவர் கேப்புக்கு எப்படி மாட்ட வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. அதில் பேசும் வேகத்தை 9600 என்று வைத்திருந்தால் மென்பொருளிலும் 9600, 19200 என்றால் இங்கேயும் 19200. மாற்றிய பிறகு யுஎஸ்பி வயரை ஒருமுறை பிடுங்கிச் செருக வேண்டும், இல்லாவிட்டால் பழையபடியே நிற்கும். போர்டில் இருந்து வருகிற தட்டை வயர் பவர் கேப் பேனலில் வலது பக்கத் துளையில் போக வேண்டும். இடது பக்கம் பவர் கேப்புக்கு மட்டும். டிகோடர்புரோவையும் பேனல்புரோவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்; முதலில் திறந்தது போர்ட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவதுக்குக் கிடைக்காது.

இவ்வளவு முட்டி மோதுவதற்குக் காரணம் நீங்கள் அல்ல. தண்டவாளம் வழியாக எஞ்சினுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிசிசி சிக்னலுக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1994-லேயே பொது விதி போட்டுவிட்டது. அதனால்தான் எந்தக் கம்பெனி டிகோடரும் எந்தக் கம்பெனி தண்டவாளத்திலும் ஓடுகிறது. கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள். டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட், என்சிஇ-க்கு இன்னொன்று. பிராட் கேஜ், மீட்டர் கேஜ் என்று வண்டி மாற்றிச் சலித்துப்போன நம் ரயில்வேயே 1992-ல் ஒரே கேஜ் திட்டத்தைக் கையில் எடுத்தது. இந்தப் பொம்மை ரயில் கம்பெனிகளுக்கு அந்தப் புத்தி வர இன்னும் எத்தனை வருஷமோ. அந்தக் குழப்பத்தில்தான் உங்கள் 400 டாலர் நண்பர்கள் கடை விரிக்கிறார்கள்.

போகட்டும். இணைப்புக் கிடைத்துவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு எஞ்சினை வைத்து சிவி 8-ஐ (சிவி என்பது டிகோடர் தன் அமைப்பை எண்ணாக வைத்திருக்கும் இடம்) மட்டும் படியுங்கள். அது டிகோடர் தயாரிப்பாளரின் எண். 151 வந்தால் இஎஸ்யு, 141 என்றால் சவுண்ட்டிராக்ஸ், 129 டிஜிட்ராக்ஸ், 11 என்சிஇ. எண் வந்தால் மணி இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஆர்வத்தில் ‘எல்லாப் பக்கமும் படி’ என்ற பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். சவுண்ட் டிகோடரில் நூற்றுக்கணக்கான சிவி-க்கள் உண்டு. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

‘ஒரே ஒரு எஞ்சினை’ என்று சொன்னேன் அல்லவா, அதை இங்கே நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் பவர் கேப்பில் இது மற்ற சிஸ்டங்கள் போல இல்லை. பல சிஸ்டங்களில் எஞ்சினுக்கு எண் எழுதத் தனித் தண்டவாளம், அதற்குத் தனி வயர் இருக்கும். பவர் கேப்பில் வெளியே வருவது ஒரே ஜோடி வயர். கம்ப்யூட்டர் எழுதும் நிலைக்குப் போனால் உங்கள் லேஅவுட் முழுவதும் எழுதும் தண்டவாளமாகிவிடும். அந்த நேரத்தில் கட்டளை யாருடைய விலாசத்துக்கும் போகாது. தண்டவாளத்தில் நிற்கிற அத்தனை எஞ்சினும் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு டீசல் எஞ்சினுக்கு 5204 என்று எண் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் 5204-ஐக் கூப்பிட்டு ஹாரன் அடித்தால், ஷெட்டில் நின்ற நாலு சவுண்ட் எஞ்சினும் சேர்ந்து கத்துகின்றன. சவுண்ட் இல்லாத மூன்றும், த்ராட்டிலைத் திருப்பியதும் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்து பஃபரில் போய் முட்டின. ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பழைய எண்ணை எழுத அரைநாள் போயிற்று. பழைய எண் எது என்று எங்கே எழுதி வைத்தேன் என்று தேடியது தனி.

ஆகவே ஒரு சைடிங்கை (பக்கத் தண்டவாளத்தை) இதற்கென்று ஒதுக்குங்கள். உங்கள் நீளமான எஞ்சினைவிட அது ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். இரண்டு தண்டவாளத்திலும் இடைவெளி வெட்டுங்கள். ஒன்றை மட்டும் வெட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவர் கேப்பின் வயர் நேராகச் சைடிங்குக்குப் போகட்டும். அங்கிருந்து மற்ற லேஅவுட்டுக்குப் போகும் இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும்படி ஒரு டாகிள் சுவிட்ச். எழுதும்போது அதை அணைத்துவிட வேண்டும். சக்கரம் வெட்டின் மேல் நின்றுவிட்டால் துண்டித்தும் பயனில்லை, உலோகச் சக்கரமே பாலமாகிவிடும். எஞ்சின் முழுதும் உள்ளே வந்ததா என்று குனிந்து பாருங்கள். சுவிட்ச் வைக்கச் சோம்பலாக இருந்தால் மற்ற நாலு எஞ்சினையும் கையால் தூக்கி அலமாரியில் வையுங்கள். அதுவும் சரிதான். ‘மெயினிலேயே (ஓடும் தண்டவாளத்திலேயே) எழுதலாமே’ என்பார்கள். அங்கே எழுதலாம், ஆனால் என்ன எழுதப்பட்டது என்று திரும்பப் படித்துப் பார்க்க உங்கள் சிஸ்டத்தில் வழியில்லை.

சிக்னல் ஆசைக்கு வருகிறேன். பேனல்புரோவில் நீங்கள் வேலை பார்த்த கேபினின் பேனலையே வரைந்துவிடலாம், பாயின்டும் ரூட்டும் இன்டர்லாக்கிங்கும் சேர்த்து. ஆனால் வண்டி நிற்பதை உணரும் டிராக் சர்க்யூட் இல்லாத இடத்தில் பேனல் விளக்கு எதைப் பார்த்து எரியும்? தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர் வைத்து, அந்தத் தகவல் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்தால்தான் உண்டு. பழைய பவர் கேப்பும் பழைய யுஎஸ்பி போர்டும் சேர்ந்திருந்தால் அது வந்து சேராது. பவர் கேப்பை ஆன் செய்ததும் திரையில் ஒரு பதிப்பு எண் ஓடும், 1.28 அல்லது 1.65 என்று. அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை எழுதுங்கள். அதற்குள் யாரிடமும் டிடெக்டர் வாங்காதீர்கள். குறிப்பாக அந்தக் கண்காட்சி மேஜையில்.

பேரன் விஷயம் ஐந்து நிமிஷ வேலை. ஆண்ட்ராய்டு போன் என்றால் எஞ்சின் டிரைவர், ஐபோன் என்றால் வைத்ராட்டில் என்ற ஆப். ஜேஎம்ஆர்ஐ-யில் வைத்ராட்டில் சர்வரைத் தொடங்குங்கள்; கம்ப்யூட்டரும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தாளிகளுக்கென்று மகன் தனி வைஃபை வைத்திருந்தால் அதில் சேர்க்காதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். ஆப் போர்ட் எண் கேட்டால் 12090. இதெல்லாம் 306 போன பிறகு.

போனைக் கையில் கொடுக்கும் முன் பவர் கேப்பில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அவனுக்குக் காட்டிவிடுங்கள். திரையில் தேய்த்து வண்டியை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருப்பான், எஞ்சின் பலகையின் ஓரத்துக்கு வந்திருக்கும்.