ஈக்கணக்கு

ஐயாவுக்கு வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு கும்பிடுபூச்சிகள் வளர்க்கிறேன். அவற்றின் தீனிக்காகத் தவிட்டில் பால்பவுடர் கலந்து ஈப்புழுவும் வளர்க்கிறேன். சேலத்தில் என் தோழிக்குக் கூட்டுப்புழு ஐந்தே நாளில் ஈயாகிவிடுகிறது. எனக்குப் பன்னிரண்டு நாளாகியும் அப்படியே கிடக்கின்றன. செத்துவிட்டனவா? சாகடிக்கவென்றே ஓர் உயிரை வளர்ப்பது பாவம் என்கிறார் அப்பா. வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் டப்பா மூடி கழன்று நாற்பது ஐம்பது ஈக்கள் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயன் வீடுகளுக்குள் போய்விட்டன. ஒரே கூத்து! பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள பெண்ணுக்கு,

நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள். உன் கடிதம் வந்த வாரத்தில்தான் ஓமலூர்ப் பக்கம் அத்தை வீட்டுப் பட்டுப்புழு வளர்ப்பு மனையை இடித்தார்கள். அதனால்தான் இந்தப் பதில்.

பாவத்தை விட்டுவிடு. உன் அப்பா கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியும் கூட்டுக்குள் உயிரை வேகவைத்து எடுத்த நூல்தான். இதை அவரிடம் போய்ச் சொல்லிவைக்காதே. சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

'ஒரே கூத்து' என்றாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்குக் கூத்து? நீ சுத்தமான தவிட்டில் வளர்த்தாய், சரி. வெளியே போன ஈ தவிட்டையா தேடும்? கக்கூஸில் உட்கார்ந்த காலோடு ஒரு குழந்தையின் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும். ஒரு பெண் ஈ ஆயுளில் ஐந்நூறு முட்டை வரை இடும். நாற்பதா ஐம்பதா என்றுகூட உனக்குத் தெரியவில்லை!

எனக்குப் பத்து வயது இருக்கும். அத்தையின் மனையில் ஊசி ஈ விழுந்த காலம். 1980இல் வங்காளத்துப் பட்டுக்கூடுகளோடு யாரும் கவனிக்காமல் கர்நாடகத்துக்கு வந்து, பிறகு நம் பக்கமும் இறங்கிய ஈ அது. பட்டுப்புழுவின் முதுகில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளே துளைத்துப் போன இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். உள்ளேயே தின்று கொழுத்து, வெளியே வந்து, தரை இடுக்கில் போய்க் கூட்டுப்புழுவாகும். அவற்றைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவது பிள்ளைகள் வேலை. பத்துக்குப் பத்து பைசா. "எத்தனைடா?" என்பாள் அத்தை. சொன்னால் நம்ப மாட்டாள், டப்பாவைக் கவிழ்த்துத் தானே ஒருமுறை எண்ணுவாள்.

அப்போது என்னிடம் முருங்கை மரத்தில் பிடித்த ஒரு கும்பிடுபூச்சி இருந்தது. அது செத்ததைத் தொடாது, அசைகிறதைத்தான் பிடிக்கும். அத்தைக்குத் தெரியாமல் ஏழு கூட்டுப்புழுவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதனோடு போட்டுத் துணி கட்டிவைத்தேன். ஈ வருவதைப் பார்த்திருப்பாய். தலையில் பை மாதிரி ஒன்றை ஊதிக் கூட்டின் மூடியைத் தள்ளிக்கொண்டு, இறக்கை கசங்கி, வெளிறிப்போய் நடந்து வரும். நாலை என் பூச்சி தின்றதைப் பார்த்தேன். மீதி மூன்று? துணியை எத்தனை தடவை அவிழ்த்திருப்பேன்! அடுத்த பேட்சில் தட்டு தட்டாகக் கறுப்புப் புள்ளி. ஜன்னல் வலையும் கிழிந்துதான் இருந்தது. ஆனால் அத்தை வலையைத்தான் திட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது மனையும் இல்லை.

ஆகவே எண்ணு. கூட்டுப்புழு கருத்துக்கொண்டு வரும்போது, அன்றைக்கு வேண்டிய பத்தைத் தனி டப்பாவில் போடு. மீதியை ஃப்ரிட்ஜில் வை (சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அல்ல). வாய்க்கு வலைத்துணி, மேலே இரண்டு ரப்பர் பேண்ட். வந்த ஈக்குத் தேன் தண்ணீர் கொடு, வெறும் வயிற்று ஈயில் பூச்சிக்கு என்ன சத்து? டப்பாவைச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈ சுருண்டு கிடக்கும், எண்ணி மாற்றலாம். பத்து போட்டு ஒன்பது வந்தால் அந்த ஒரு கூட்டைப் பிளந்து பார். காலிக் கூடாக இருந்தால் ஈயைத் தேடு. அதைப் பிடிக்கிறவரை கதவைத் திறக்காதே. பிறகு அந்த லயன் வீடுகளுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேள். கையை வீசிக்கொண்டு போகாதே.

அட, உன் கேள்வி! செத்திருக்காது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியிருக்கிறாய். சேலத்து வெயிலில் நாலைந்து நாளில் வருவது, 14 டிகிரிக் குளிரில் 17 முதல் 27 நாள் வரை இழுக்கும். அடுப்படிப் பக்கம் வைத்துக் காத்திரு.

வந்ததும் எத்தனை என்று எழுது. தோராயமாக வேண்டாம்.